கண்டக்டர் கஸ்தூரியின் முகம்

பஸ் கண்டக்டர் கஸ்தூரி தளவார் டோக்கன் வாங்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் சத்தம் போட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. தோளில் தொங்கிய தோல்பையோடு நேராக டாக்டர் சுனந்தா பெல்லத்தின் அறைக்குள் நுழைந்து, செல்போனை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் நீங்கதானே?"

தோல் மருத்துவர் சங்கம் நடத்தும் ஆய்விதழின் ஒரு பக்கம் அது. முகம் வெளுக்க வேண்டும் என்று கடையில் கிடைத்த கிரீமைப் பூசிப் பூசி, கன்னம் இரண்டும் வெந்து சிவந்துபோன ஒரு பெண்ணின் படம். கண்களின்மேல் கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் மூக்குத்தி, தாடையில் கோணலாக ஓடும் தழும்பு. சுனந்தா படத்தைப் பார்த்தாள், எதிரே நின்றவளைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை.

"நான்தான். உட்காருங்க."

"உட்கார வரலை மேடம். நவலகுந்து பஸ்ஸுல ஒரு காலேஜ் பையன், காசை நீட்டாம போனை நீட்டுறான். 'அக்கா, இது நீங்கதானே?'ங்கிறான். பஸ்ஸே எட்டிப் பார்க்குது. பின் சீட்டுல இருந்து ஒருத்தன், 'வெள்ளைக்காரி, ரெண்டு டிக்கெட் குடு'ங்கிறான். தினம் அதே ரூட்டுல நான் போயாகணும். என் மூஞ்சியை யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"ஆஸ்பத்திரியில உங்ககிட்ட சம்மதம் கேட்கலையா?"

"போட்டோ எடுத்தாங்க. எதுக்குன்னு கேட்டேன். குணமானதுக்கப்புறம் ஒத்துப் பார்க்கணும்னாங்க. சரின்னேன். ஊருக்கே காட்டுவாங்கன்னு யார் சொன்னா?"

சுனந்தாவுக்கு முகம் சுட்டது. அந்தக் கட்டுரையை எழுதியவர் டாக்டர் வாமனராவ் இனாம்தார். பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுத் தலைவர், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். 'நோயாளியின் சம்மதம் பெறப்பட்டது' என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி இருந்தது. வேறு யார் எழுதியிருந்தாலும் சம்மதப் பத்திரத்தை அனுப்புங்கள் என்று சுனந்தா கேட்டிருப்பாள். அந்த விதியை இதழுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். தலைவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டாள்.

கஸ்தூரியை உட்காரவைத்துக்கொண்டே போனிலேயே சொல்லி இதழின் இணையப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கவைத்தாள். "போயிடுச்சு" என்று காட்டினாள்.

"இங்க போயிடுச்சு. அந்தப் பையன் போன்ல?" என்று கேட்டுவிட்டுக் கஸ்தூரி எழுந்து போனாள்.

அன்று மாலையே சுனந்தா இனாம்தாரைப் பார்க்கப் போனாள். அவர் முழுதாகக் கேட்காமலே சிரித்தார்.

"யாரு, அந்தக் கண்டக்டரம்மாவா? கண்ணை மறைச்சுத்தானே போட்டிருக்கோம் சுனந்தாபாய்!"

"கண்ணை மறைச்சா அவங்களுக்கு நாமதான் தெரியமாட்டோம் சார். ஊருக்கு அவங்க நல்லாவே தெரியுறாங்க."

சிரிப்பு நின்றது. "இப்ப என்ன வேணும்?"

"சம்மதப் பத்திரம்."

"வாயால சொன்னா."

"இல்லைங்கிறாங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா? எங்கிருந்தோ வந்த ஒரு கண்டக்டர் பேச்சுக்காக, உனக்குப் பாடம் எடுத்த என்னை நிக்கவச்சுக் கேட்பியா?" தண்ணீரை எடுத்துக் குடித்தார். குரலை இறக்கிக்கொண்டார். "படத்தை எடுத்துட்டேல்ல? கட்டுரையையும் சத்தமில்லாம எடுத்துடு. யாருக்கும் தெரியவேண்டாம். முடிஞ்சது."

"சத்தமில்லாம எடுக்க முடியாது சார். ஏன் எடுத்தோம்னு சொல்லி, திரும்பப் பெறுகிறோம்னு அறிவிப்புப் போடணும். நாளைக்கு இன்னொருத்தர் இதையே பண்ணாம இருக்கிறதுக்காகவாவது."

"பத்திரிகை சங்கத்தோடது. மறந்துடாதே."

"சங்கத்தோடதுதான். அதுல என்ன வரணும்ங்கிறது ஆசிரியர் முடிவு. அந்த விதியில நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஞாயித்துக்கிழமை செயற்குழு" என்றார் இனாம்தார். "ஆசிரியர் யாருன்னு அங்க பேசிக்கலாம்."

துணை ஆசிரியர் பசவப்பிரபு ஹூகார் இந்தச் செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த மிளகாய் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். இனாம்தாரின் பிரிவில் வேலை பார்ப்பவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வம்பு என்றால் அடுத்த தெரு வழியாகப் போகிறவர்.

"மேடம், அவர் தும்மினா எனக்கு இங்க காய்ச்சல் வரும். ஏன் இந்த வேலை? இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அறிவிப்புப் போட்டா, என்ன படம், எந்தப் படம்னு நாலு பேர் மறுபடி தேடுவான். அந்தம்மாவுக்குத்தான் கஷ்டம்."

இனாம்தாரின் மிரட்டலுக்கு அசையாத சுனந்தாவை இது அசைத்துவிட்டது. கேட்காமல் படம் போட்டாயிற்று. இப்போது கேட்காமல் நியாயமும் செய்துவிடக் கூடாது. மறுநாள் கிளினிக்கை மூடிவிட்டு டிப்போவுக்குப் போனாள்.

கஸ்தூரி வசூலைக் கட்டிவிட்டுத் தோழிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுனந்தா தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் கேட்காமல் விட்டதையும் சொன்னாள். ஹூகாரின் பயத்தையும் மறைக்கவில்லை.

"உங்களுக்கு வேண்டாம்னா நான் அறிவிப்புப் போடலை. நீங்க சொல்றதுதான்."

கஸ்தூரி டீயை ஒரு வாய் குடித்தாள்.

"ஆக, உங்களுக்கும் அவர்கிட்ட பயம்."

"இருந்துச்சு."

"கிரீம் பூசினது என் முட்டாள்தனம் மேடம். அதுக்கு நான் எரிஞ்சு அனுபவிச்சுட்டேன். படம் போட்டது யார் தப்பு? சத்தமில்லாம எடுத்துட்டா, நான் எதையோ பண்ணிட்டு ஒளிஞ்ச மாதிரி ஆயிடும். எழுதுங்க. என் பேர் வேண்டாம். ஆனா நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதுங்க." டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அந்தக் கூட்டம் எங்க நடக்குது?"

"நீங்க எதுக்கு?"

"என் மூஞ்சியைப் பத்திப் பேசப்போறீங்க. மூஞ்சி வரவேண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை தார்வாடில் சங்கக் கட்டடத்தில் கூட்டம். இனாம்தார் ஆய்விதழின் பெருமை, சங்கத்தின் ஒற்றுமை என்று நீளமாகப் பேசினார். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்கும் ஆசிரியர் நமக்கு வேண்டுமா என்று கேட்டார். அப்போது காக்கி யூனிஃபார்மில் கஸ்தூரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காவலாளி பின்னாலேயே ஓடிவந்தான்.

"இவங்க என் விருந்தாளி" என்றாள் சுனந்தா.

கஸ்தூரி யாரையும் திட்டவில்லை. நேரே மேடைக்குப் போய், இனாம்தாரின் முகத்துக்கு எதிரே செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க சாகேப். வெளிச்சம் பத்தலை."

"ஏய்! என்ன இது?" இனாம்தார் சட்டென்று உள்ளங்கையால் முகத்தை மறைத்தார். "யாரைக் கேட்டு எடுக்கிற?"

"பயப்படாதீங்க, கண்ணுமேல கறுப்புப் பட்டை போட்டுடுறேன். எங்க பஸ்ஸுல ஒட்டினா யாருக்கும் அடையாளமே தெரியாது."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு இருமுவதுபோல் சமாளித்தார். மற்றவர்களின் பார்வை மேஜைமேல் இருந்தது. இனாம்தார் இன்னும் கையை இறக்கவில்லை.

கஸ்தூரி போனைப் பைக்குள் போட்டாள். "எடுக்கலை சாகேப். கையை எடுங்க. கேட்காம எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

இனாம்தார் கையை இறக்கியபோது அவர் முகம் சிவந்திருந்தது. "இந்தக் கூத்தை எல்லாம் ஏற்பாடு பண்ணினது நீதானே?" என்று சுனந்தாவின் மேல் பாய்ந்தார். "இப்பவே ஓட்டெடுப்பு. அறிவிப்பும் கிடையாது, நீ ஆசிரியரும் கிடையாது."

சுனந்தா எழுந்தாள்.

"ஓட்டெடுங்க சார். ஆனா அறிவிப்பு காலையிலேயே வெளியாயிடுச்சு. அப்ப நான்தான் ஆசிரியர்." கையிலிருந்த தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்: "இந்தக் கட்டுரையில் நோயாளி ஒருவரின் படம் அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியாகியிருக்கிறது. சம்மதம் பெற்றதற்கு எந்த ஆதாரத்தையும் கட்டுரையாளரால் தர இயலவில்லை. ஆதாரத்தைக் கேட்டிருக்க வேண்டிய ஆசிரியர் கேட்கவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. நோயாளியிடம் இதழ் மன்னிப்புக் கேட்கிறது."

"சங்கத்தோட மானத்தை வாங்கிட்டே!"

"வாங்கலை சார். மிச்சம் இருந்ததைக் காப்பாத்தினேன்."

கைகள் உயர்ந்தன. சில வேகமாக, சில அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. சுனந்தா பதவியிலிருந்து நீக்கப்பட்டாள். எதிர்த்துக் கை தூக்கியவர்களை எண்ண ஒரு கையின் விரல்களே அதிகம். ஹூகார் எந்தப் பக்கமும் தூக்கவில்லை, காலி டீ கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வாயில்லாத ஆள்தான் வசதி என்று இனாம்தார் அந்த இடத்திலேயே அவரைப் புதிய ஆசிரியராக அறிவித்தார்.

வெளியே வந்ததும் கஸ்தூரி, "உங்க வேலை போச்சே மேடம்" என்றாள். முதல்முறையாக அவள் குரல் தணிந்திருந்தது.

"அதுக்குச் சம்பளமே கிடையாது" என்றாள் சுனந்தா. இருவரும் சிரித்தார்கள்.

படம் எல்லா இடத்திலிருந்தும் போய்விடவில்லை. நகலெடுத்து வைத்திருந்த தளங்களுக்கெல்லாம் சுனந்தா எழுதினாள். சிலர் எடுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை. நவலகுந்து பஸ்ஸில் மறுபடியும் ஒருவன் 'வெள்ளைக்காரி' என்று ஆரம்பித்தபோது, கஸ்தூரி விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்தி, அவனைச் சோளக்காட்டுப் பக்கம் இறக்கிவிட்டுவிட்டாளாம். அதற்கு அவளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. அதைச் சொல்லும்போது பதக்கம் வாங்கியவள்போல் சிரித்தாள்.

அடுத்த இதழ் வருவதற்குள் ஹூகார் கிளினிக்குக்கு வந்தார். நோயாளிகள் போகும்வரை காத்திருந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

"மேடம், இனாம்தார் சார் அந்த அறிவிப்பை எடுத்துடுன்னார்."

"எடுத்துட்டீங்களா?"

"முடியாதுன்னுட்டேன்." சொன்னதை அவராலேயே நம்ப முடியவில்லை போலிருந்தது. "எப்படிச் சொன்னேன்னு தெரியலை. வாயைத் திறந்தேன், வந்துடுச்சு. அவர் எடுக்கச் சொன்னதையும் சேர்த்து இன்னொரு அறிவிப்புப் போடுவேன்னுகூடச் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கத்தினார். கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். என்னையும் தூக்கிடுவார் மேடம்."

"தூக்கட்டும். அடுத்த ஆளைத் தேடட்டும். அந்த ஆளும் முடியாதுன்னு சொல்லட்டும்."

ஹூகார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அதுக்கு முன்னாடி ஒரு டீ சொல்லுங்க. வீட்டுல இன்னும் இதைச் சொல்லலை" என்றார்.