மூன்றாம் தண்ணிக்குச் சாட்சி

"கயித்தைத் தாண்டி ஒரு அடி வச்சே, இனி இந்த ஊர்ல உனக்கு ஒரு வாய்த் தண்ணி கிடையாது. மலைக்கே ஓடிர வேண்டியதுதான்!"

பெரியகருப்பன் இப்படிக் கத்தியபோது கொட்டகுடி ஆற்று மணலில், ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நானூறு ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, சித்திரை மாதம். ராசிங்காபுரத்துக்கும் போடிக்கும் சடுகுடு. போடிச் செட்டுக்குப் பெரியகருப்பன்தான் தலைவர். யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது.

ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றவன் ஒச்சப்பன். போன வருஷம் வரை, இவன் பாடிக்கொண்டு போனால் எதிர்ச் செட்டில் இரண்டு பேராவது குறையாமல் திரும்ப மாட்டான் என்று பேர் எடுத்தவன். இன்று அவன் முகத்தில் விரல் வைக்கத் தழும்பில்லாத இடம் இல்லை. பெரியம்மை.

"மூணு தண்ணியும் ஊத்தியாச்சுண்ணே," என்றான் ஒச்சப்பன். "பொருக்கெல்லாம் உதிந்து போச்சு. பாருங்க, ஒண்ணு இருக்கா?"

"யார்றா ஊத்துனது?"

ஒச்சப்பன் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"மலங்காட்டுல குரங்கு வந்து ஊத்துச்சோ?" என்றார் பெரியகருப்பன். கூட்டம் சிரித்தது. "நீயே மொண்டு நீயே ஊத்திக்கிட்டா அதுக்குப் பேரு குளிக்கிறதுடா, தண்ணி வாக்கிறது இல்ல. இன்னொருத்தர் கை ஊத்தணும். ஊத்துனவன் வந்து ஊர் முன்னாடி சொல்லணும். சாட்சி இல்லாம ஆத்தா மலையேறிட்டான்னு எவன் நம்புறது? பேசாம இரு. திருநாள் முடியட்டும், ஊர் கூடி உனக்கு மூணாந் தண்ணி ஊத்துறோம். அதுவரைக்கும் கயித்துக்கு அந்தப் பக்கம்."

அதுதான் ஊர் வழக்கம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீரை மூன்று முறை தலையில் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணி விழுந்ததற்குச் சாட்சி இருந்தால் ஆள் ஊருக்குள் வரலாம். இல்லையென்றால் உடம்பு பளிங்கு மாதிரி இருந்தாலும் வர முடியாது.

சாட்சி இல்லாமல் இல்லை. பத்தடி தூரத்தில் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றான். பேர் மொக்கச்சாமி.

ஒச்சப்பனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. ஐந்து வயதிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது மொக்கச்சாமியின் தாய் அய்யம்மாள். ஒரு தட்டில் சோறு, ஒரு பாயில் தூக்கம். மாசி மாதம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒச்சப்பனுக்கு அம்மை கண்டது. தோட்டத்து ஆட்கள் அவனைச் சரிவில் ஒரு தழைக் குடிசையில் போட்டுவிட்டு, தூரத்துப் பாறைமேல் கஞ்சியை வைத்துவிட்டு ஓடினார்கள். இரண்டு தண்ணியைத் தானேதான் ஊற்றிக்கொண்டான். மூன்றாம் தண்ணிக்கு முந்தின நாள், புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றவன் மொக்கச்சாமி.

"கிட்ட வராதடா! பயமில்லையா உனக்கு?" என்று கத்தினான் ஒச்சப்பன்.

"ஆத்தாளுக்கு வேற சோலி இல்லையாக்கும், என்னையத் தேடிக்கிட்டு இருக்கா," என்று சிரித்தான் அவன். அம்மை குத்த வந்த சர்க்கார் ஆளைக் கண்டு வைக்கோற்படப்புக்குள் ஒளிந்தவன் அவன். மறுநாள் உச்சி வெயிலில் அவனேதான் ஊற்றினான். பொருக்கு ஒட்டியிருந்த முதுகைத் தன் கையாலேயே தேய்த்தும் விட்டான்.

அது நடந்து இன்றோடு பதினாலு நாள்.

நேற்று இரண்டு பேரும் ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் பேசி முடித்துவிட்டார்கள். 'நான்தான் ஊற்றினேன்' என்று மொக்கச்சாமி சொன்னால், அம்மைக் குடிசைக்குப் போய் வந்தவன் என்று அவனையும் கயிற்றுக்கு வெளியே தள்ளுவார்கள். பாடிப் போக இரண்டே இரண்டு பேர் உள்ள செட்டு அது. இருவரும் இல்லாவிட்டால் மூன்று வருஷமாகத் தோற்ற போடி நாலாவது வருஷமும் தோற்கும்.

"நீ ஆடு மாப்ளே. சாயந்தரம் சொல்லிக்கிருவோம்," என்றிருந்தான் ஒச்சப்பன்.

ஒரே ஒரு பகல்தானே என்று நினைத்தான். பொழுது சாய்ந்ததும் மொக்கச்சாமி ஊர் முன்னால் நிஜத்தைச் சொல்லுவான். ராத்திரி அய்யம்மாள் வீட்டில் சோறு. அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

ஆட்டம் தொடங்கியது.

ராசிங்காபுரத்துக்காரர்கள் மலையாடு மாதிரி மோதினார்கள். போடியில் முதல் ஆள் பிடிபட்டு வெளியே போனான், இரண்டாவது ஆளும் போனான். மொக்கச்சாமி பாடிக்கொண்டு போய் ஒருவனைத் தொட்டுவிட்டு மூச்சு முட்டத் திரும்பினான். ஒரே பாட்டுக்கே அவன் இப்படி இளைத்து ஒச்சப்பன் பார்த்ததில்லை. திரும்பி வந்தவன் நேராக நிற்காமல் இரண்டு கையாலும் நடு இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

அம்மை போடுவதற்கு முன்னால் வரும் அந்த இடுப்பு வலி ஒச்சப்பனுக்குத் தெரியும். உரலைத் தூக்கி முதுகில் வைத்தது போல வரும்.

இடைவேளையில் மொக்கச்சாமி தண்ணீர் குடிக்கக் கயிற்றோரம் வந்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான்.

"காய்ச்சல் எப்பருந்துடா?" என்றான் ஒச்சப்பன், உதடு அசையாமல்.

"முந்தாநாள். இன்னைக்கு எறங்கிருச்சு. ஆத்தா மொளகுக் கசாயம் வச்சுக் குடுத்துச்சு."

"நாக்கை நீட்டு."

"போடா, நீ பெரிய வைத்தியரு."

"நீட்டுடா!"

நீட்டினான். நாக்கில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. மயிர்க்காலோரம் திருநீற்றுக்கு அடியிலும் இரண்டு மூன்று.

"மாப்ளே, உனக்கு ஆத்தா வந்துட்டா. எறங்காத. கட்டிப் புரள்ற ஆட்டம்டா இது. அத்தனை பேருக்கும் ஒட்டும்."

மொக்கச்சாமியின் முகம் சுண்டியது. மணலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பிறகு கெஞ்சினான்.

"இன்னும் ரெண்டே பாட்டுதாண்டா. செயிச்ச கையோட நானே சொல்லிப்புடுறேன், ஊத்துனது நாந்தான்னு. செயிச்சவன் சொன்னா ஊரு கேக்கும். தோத்துப்புட்டுச் சொன்னா ரெண்டு பேரையும் வெரட்டுவாய்ங்க. நீ வீட்டுக்கு வர வேணாமா?"

சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

ஒச்சப்பன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். வாயை மூடிக்கொண்டு நின்றால் சாயந்தரம் வீடு. கயிற்றைத் தாண்டினால் வீடும் இல்லை, ஊரும் இல்லை. எதிரே ஏழு பேர். பக்கத்தில் ஏழு பேர். பாதிப் பேர் வீட்டில் கைக்குழந்தை.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..." மொக்கச்சாமியின் குரல் எழும்பியது.

ஒச்சப்பன் தாண்டினான்.

நடுக்கோட்டை மொக்கச்சாமி தொடுவதற்குள் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டான். "தொடாதீங்கப்பு! யாரும் இவனைத் தொடாதீங்க! இவனுக்கு அம்மை கண்டிருக்கு!"

அப்புறம் கூட்டம் கிளம்பியது பாருங்கள்!

"பொறாமைடா! தனக்கு இல்லைன்னதும் அடுத்தவன் எலையில மண்ணைப் போடுறான்!"

"தீட்டோட வந்து தொட்டுட்டான் பாவி!"

பெரியகருப்பன் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். நியாயம் தெரிந்த மனுஷர்தான். மொக்கச்சாமியைப் பார்த்துக் கேட்டார்: "நீ சொல்லுடா. உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

மொக்கச்சாமி ஒச்சப்பனைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான். முதல் கல் ஒச்சப்பனின் தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரம். அவன் தண்டவாளம் போட்டது போல ஆற்றுக்குக் குறுக்கே நேராக ஓடினான். அக்கரை ஏறி, மலைக்குப் போகும் குரங்கணிப் பாதையில் கால் வைத்தபோது பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. போடி ஜெயித்துவிட்டது. மொக்கச்சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார்களாம். தூக்காத ஆள் இல்லையாம்.

இரண்டாம் நாள் மொக்கச்சாமியின் முகத்தில் முத்து முத்தாய்க் கிளம்பியது. பதினோராம் நாள் செத்துப்போனான்.

அதற்குள் மற்றவர்களும் விழத் தொடங்கியிருந்தார்கள். ஆடியவர்களில் ஒன்பது பேர், தோளில் தூக்கியவர்களில் ஆறு பேர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ராசிங்காபுரத்தில் ஒரே தெருவில் நாலு வாசலில் வேப்பிலை தொங்கியது. ஊருக்குக் காரணம் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒச்சப்பன் கயிற்றைத் தாண்டினான், மொக்கச்சாமியைத் தொட்டான், இரண்டாம் நாள் வந்துவிட்டது. ஐந்நூறு பேர் கண்ணால் பார்த்தது. இதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஏலக்காட்டுக்கு வரும் ஆட்கள் தூரத்திலிருந்தே இந்தச் சேதிகளைக் கத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். மொக்கச்சாமி செத்ததும் அப்படித்தான் ஒச்சப்பனுக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அவன் ஏலச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தான். முகம் பார்க்கவும் விடவில்லை. ஒரு பிடி மண் போடவும் கொடுத்து வைக்கவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு காலை, சரிவில் யாரோ ஏறி வருவது தெரிந்தது. மூச்சு வாங்க, பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வந்தாள் அய்யம்மாள்.

ஒச்சப்பன் குடிசைக்கு வெளியே எழுந்து நின்றான். கிட்டப் போகவில்லை.

"பக்கத்துல வராதே," என்றாள். "கேக்குறதுக்குப் பதில் மட்டும் சொல்லு."

"சொல்றேன் ஆத்தா."

"பேச்சு அடங்குற மட்டும் உம் பேரைத்தாண்டா சொன்னான். தண்ணி ஊத்துனேன், தண்ணி ஊத்துனேன்னு பொலம்புனான். என்ன தண்ணி? எங்கிட்டச் சொல்லு."

இதோ சாட்சி. செத்தவன் வாக்கு, பெற்றவள் வாயால். இவள் ஊர் நடுவே நின்று இதைச் சொன்னால் பெரியகருப்பன் என்ன, ஊரே கேட்கும்.

ஒச்சப்பன் வாயெடுத்தான்.

அவள் முந்திக்கொண்டாள். "அன்னிக்குக் காலையில அவனுக்கு மேலு கணகணன்னு இருந்துச்சுடா. நாந்தான் கசாயத்தைக் குடுத்து, போயி ஆடிட்டு வாய்யான்னு அனுப்புனேன். ஊரெல்லாம் நீ தொட்டதுதான்னு சொல்லுது. எனக்குத்தான் தூக்கமில்ல. முன்னாடியே வந்திருந்துச்சா? வந்திருந்த புள்ளையையா நான் அனுப்புனேன்? அத்தனை வீட்டுலயும் எழவு விழுந்தது என்னாலயா, எம் மகனாலயா? ஆத்தா மேல சத்தியமாச் சொல்லுடா!"

கசங்கிய சேலை, குளிக்காத தலை, ஒட்டிய வயிறு. அவனுக்கு ஐந்து வயதிலிருந்து சோறு போட்ட கை. 'ஆமாம்' என்ற பதிலைக் கேட்டுவிட்டு இந்த மலையை விட்டு உயிரோடு இறங்குவாளா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. மொக்கச்சாமி எங்கேயிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்தான் என்பது. பொருக்கு ஒட்டிய முதுகைத் தேய்த்துவிட்ட கை.

"கூறு கெட்டுப் போயி கேக்குற ஆத்தா," என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அது சித்திரை வெயிலுக்கு வந்த சூடு. வெறும் சூடு. நாந்தான் தொட்டேன். எங்கிட்டருந்துதான் அவனுக்கு வந்துச்சு."

"தண்ணின்னானே?"

"சின்னப் புள்ளையில ஆத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் ஊத்தி விளையாடுவோம்ல. காய்ச்சல்ல அதை நெனச்சிருப்பான்."

அய்யம்மாளின் தோள் இரண்டும் தளர்ந்தன. இத்தனை நாளும் அடைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"எஞ் சோத்தைத் தின்னுட்டு எம் புள்ளையத் தின்னுட்டியேடா! நீ வெளங்குவியா? உனக்கு ஒரு வாசல் தொறக்குமா? உன் பொணத்தைத் தூக்க நாலு பேரு வருவாய்ங்களா?"

மண் அவன் கால்வரைகூட வரவில்லை. அவன் இரண்டடி முன்னால் நகர்ந்து நின்றுகொண்டான். இரண்டாவது தடவை அவள் தூற்றியது மார்பில் பட்டது.

கை ஓயும் வரை தூற்றிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கத் தொடங்கினாள். ஏறும்போது உட்கார்ந்த இடங்களில் இப்போது உட்காரவில்லை.

முதல் வளைவில் பாதை வழுக்கும். அங்கே அவள் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள். ஒச்சப்பன் ஓடப் போனவன் நின்றுவிட்டான். அவளே சமாளித்துக்கொண்டு நடந்தாள்.

வெள்ளைச் சேலை மரங்களுக்குள் மறையும் வரை அவன் அங்கேயே நின்றான்.