மூன்றாவது புகார்

குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் எட்டுப் பெண்கள் போன் எடுத்துக்கொண்டிருந்த அறையில் இப்போது மிச்சமிருந்தது மணிக்குரல் என்ற ஒருத்திதான். மற்ற ஏழு நாற்காலி வேலையையும் ஒரு மெஷின் பேசியே முடித்தது. ஊருக்கு அது பிடிக்கவே இல்லை. எடுத்ததுமே, "யாரு பேசுறது? ஆளா, மெஷினா?" என்று போலீஸ் மாதிரி விசாரித்தார்கள். பாவம், இவள் குரலில் பிசிறும் கிடையாது, தடுமாற்றமும் கிடையாது. அதற்காகத்தானே வேலையே கொடுத்தார்கள்! இப்போது அந்தக் குரலே அவளுக்கு எமனாக வந்து நின்றது.

மேற்பார்வையாளர் முதல் தேதியே சொல்லிவிட்டார். "ஆள்தான் பேசுதுன்னு நாம சொல்றோம், உன்னையும் மெஷின்னு ஜனங்க புகார் குடுக்குறாங்க. அப்புறம் ஆள் எதுக்குன்னு மேலிடத்துல கேக்குறாங்கம்மா. இந்த மாசம் மூணு புகார் வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

இரண்டு வந்தாகிவிட்டது. அதிலிருந்து அவள் வராத இருமலையெல்லாம் இருமினாள். பேச்சுக்கு நடுவே இரண்டு "அய்யய்யோ" சேர்த்துக்கொண்டாள். "இருமவும் கத்துக்குடுத்துட்டாங்களா!" என்று ஒருவர் சிரித்துவிட்டு வைத்தார்.

மாதம் முடிய ஒரே நாள் இருந்தபோது, காலை பதினொரு மணிக்கு அந்த அழைப்பு வந்தது.

"வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு."

"ஏ மெஷினு! வீட்டு வாசல்ல குழாய் உடைஞ்சு தண்ணி ஆறா ஓடுது. உன்கிட்ட மனுஷன் பேசுவானா? என் பொண்டாட்டி அங்கதான் வேலை பாக்குறா, அவளைக் கூப்பிடு!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தப் புருஷன்!

"என்னங்க, நான்தான் பேசுறேன்."



"அடப்பாவிங்களா, அவ குரலையும் திருடிட்டீங்களா?"

"ஐயோ, நானேதாங்க! ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு காலையிலகூடக் கத்தினேனே!"

"வீட்டுக்குள்ள கேமராவும் வெச்சிருக்கீங்களா?"

டொக்கென்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், அவளுடைய செல்போனோ அலுவலக வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில்தான் திறப்பார்கள். சாப்பாட்டு மணி அடித்து அவள் எழுந்து ஓடுவதற்குள் மேற்பார்வையாளர் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"மூணாவது வந்துடுச்சும்மா."

"அது என் வீட்டுக்காரர் சார்!"

"முகவரியைப் பார்த்தேன். கட்டின புருஷனுக்கே அடையாளம் தெரியலன்னா, மேலிடத்துல நான் என்னன்னு சொல்றது?" அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். கெட்டவர் இல்லை அவர். அதனால் என்ன பிரயோஜனம்?

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே கணவர் மார் தட்டிக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒரு புகார் குடுத்திருக்கேன் பாரு, காரசாரமா! அந்த மெஷினை உடனே தூக்கணும்னு ஆன்லைன்ல எழுதிட்டேன். எல்லாம் உன் வேலையைக் காப்பாத்தத்தான்."

அவள் செருப்பைக் கழற்றி மூலையில் வீசினாள்.

"தூக்கிட்டாங்க" என்றாள்.

"பார்த்தியா, நான் சொல்லல?" என்று அவர் கைதட்டிச் சிரித்தார்.