நீ யாரு புள்ள

என் மகனுக்கு வல்லரசு என்று பேர் வைத்தது நான்தான். சாந்தமான பேராகப் பார்க்கலாம் என்று என் மனைவி யசோதரா அப்போதே சொன்னாள். கேட்டேனா? இப்போது அவனுக்கு ரெண்டரை வயது. பேருக்கு ஏற்ற மாதிரி போகிற இடமெல்லாம் படையெடுக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கக் கூட்டிப் போனோம். யசோதராவின் தம்பிக்கு புத்த விகாரையில் கல்யாணம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வெள்ளைதான் உடுத்துவோம், மூன்று பேருக்கும் வெள்ளையில் எடுக்க வேண்டும். போன கால் மணி நேரத்துக்குள் ஒரு வளையல் ஸ்டாண்டைச் சாய்த்தான். யாரோ ஒரு அம்மா குடித்துக்கொண்டிருந்த கரும்பு ஜூஸைப் பிடுங்கினான். கடைசியில் நடுரோட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். நாலு பேர் சுற்றி நின்று, புள்ளை வளர்ப்பது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். துணி எடுக்காமலே திரும்பினோம்.

அதனால்தான் கூட்டமில்லாத புதன்கிழமையில் போவது என்று முடிவு செய்தோம். புதன்கிழமை எனக்கு வேலை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். உள்ளே வரும் வண்டியின் கன்டெய்னர் நம்பரை எழுத வேண்டும், சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் ஓடுகிறது. இந்த வருஷம் ரெண்டு பேரை பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். அதில் என் பேரை எழுதியவர் மேனேஜர் பாலகணேஷ் சார். லிஸ்ட் மேலே போகிற வரைக்கும் சும்மா சும்மா லீவு போடாதே என்று ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். எனவே துணி எடுக்க லீவு என்று கேட்க வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் போன் செய்து, "சார், பையனுக்கு நூத்திரெண்டு ஜுரம்" என்றேன்.

"அய்யய்யோ, முதல்ல புள்ளையப் பாரு வரதா. வேலை எங்க போயிடப் போகுது? பையன் பேரு என்ன?"

"வல்லரசு சார்."

"நல்ல பேருப்பா. சீக்கிரம் எழுந்து ஓடுவான் பாரு."

அவன் அப்போது கட்டில் மேலிருந்து அலமாரிக்குத் தாவிக்கொண்டிருந்தான். புதன்கிழமை காலையில் சார் வாட்ஸப்பில் ஜுரம் இறங்கியதா என்று கேட்டிருந்தார். 'இறங்கல சார்' என்று அடித்து, பக்கத்தில் ஒரு கும்பிடும் போட்டு அனுப்பினேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் செருப்பை மாட்டியதும் அது போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அவனுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே, "நீ யாரு புள்ள?" என்று கேட்பேன். "அப்பா புள்ள!" என்று கத்திவிட்டு ரெண்டு கையையும் மேலே தூக்குவான். சரியாகச் சொன்னதற்கு நான் அவனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் செய்து காட்டிப் பெருமை அடித்துக்கொள்வேன். பெற்றவள் பேரை ஒரு தடவையாவது சொல்கிறானா பார் என்று யசோதராவுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

அன்றைக்குத் துணிக்கடையில் கூட்டம் இல்லை. முதல் மாடியில் நான் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லரசு ஒரு பொம்மையின் கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு சேல்ஸ்மேனைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் அவனைப் பிடித்துப் பொம்மைக் கையைப் பிடுங்கித் திரும்பினால், படியேறி வருகிறார் பாலகணேஷ் சார்.

ஓடி ஒளிய இடமில்லை. அவரும் பார்த்துவிட்டார்.

"வரதா? நீ எங்க இங்க? ஆயுத பூஜைக்கு யார்டுல எல்லாருக்கும் சட்டை எடுக்கலாம்னு வந்தேன். உனக்கு நாப்பது சைஸ்தானே?" என்றவர், என் இடுப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். "இவன்தான் ஜுரக்காரனா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்போதே ஆமாம் சார், தப்புதான் சார் என்று காலில் விழுந்திருக்கலாம். என் புத்தி அதற்குள் லிஸ்ட், பர்மனென்ட், ஆறு வருஷம் என்று ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது.

"இல்ல சார். இது பக்கத்து வூட்டுப் புள்ள."

யசோதரா கையிலிருந்த வெள்ளைப் புடவையை அப்படியே கீழே வைத்தாள்.

"அப்போ உன் பையன்?"

"வூட்ல தூங்குறான் சார், மச்சினி பாத்துக்கினு கீறா. அர்ஜன்ட்டா ஒரு துணி. அஞ்சு நிமிஷத்துல ஓடிடுவோம்."

சார் யசோதராவைப் பார்த்தார். "ஜுரத்துல கிடக்குற புள்ளைய விட்டுட்டு, பக்கத்து வீட்டுப் புள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களாம்மா?" என்றார். அதட்டவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டார். அவள் கீழே வைத்த புடவையை மறுபடி எடுத்து மடித்தாள். முகம் மட்டும் சிவந்துபோனது. அவனுக்கு உண்மையிலேயே ஜுரம் வந்த நாட்களில் மூன்று ராத்திரி கண்ணை மூடாமல் மடியில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்கு இந்தப் பேரை நான் வாங்கிக் கொடுத்தேன்.

வல்லரசு நிமிர்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ப்பா! பொம்ம கை குடு!" என்றான்.

"எல்லாரையும் அப்பான்னுதான் சார் கூப்புடும்" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று எவ்வளவு சுலபமாக வருகிறது! சார் குனிந்து அவன் கன்னத்தைக் கிள்ளினார். "டேய், நீ யாரு புள்ளடா?"

அது எங்கள் கேள்வி. அவன் கண் பளிச்சென்று விரிந்தது, கை தூக்கத் தயாரானான். நான் முந்திக்கொண்டேன். "சொல்லு, சொல்லு. பக்கத்து வூட்டுப் புள்ள. சொல்லு மாமாக்கு."

என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு உரக்கச் சொன்னான். "பக்கத்து வூட்டுப் புள்ள!"

சார் சிரித்தார், சேல்ஸ்மேன் கை தட்டினான். நானும் சிரித்தேன். இத்தனை பேர் சிரித்ததும் வல்லரசுக்கு ஒரே குஷி. இன்னொரு தடவை சொன்னான், மூன்றாவது தடவையும் சொன்னான். ரெண்டு கையையும் தூக்கினான். பக்கத்து வீட்டுப் புள்ளையை யாராவது தூக்கிப் போட்டுப் பிடிப்பார்களா? நான் அவனைத் தரையில் இறக்கிவிட்டேன். என் காலைக் கட்டிக்கொண்டவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

சார் சட்டை எடுக்கக் கீழே போனார். யசோதரா என் பக்கம் திரும்பினாள்.

"உன் வாயில எப்டிய்யா வந்துச்சு?"

"இன்னா பண்ணச் சொல்ற? வேலை போனா யாரு குடுப்பா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. புள்ளய இல்லன்னு சொல்லிட்டியே. வாய் கூசல உனக்கு?"

கீழே பார்த்தேன். வல்லரசு இல்லை.

முதலில் எனக்கு வழக்கமான கோபம்தான் வந்தது. புடவை அடுக்குக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில், மாடிப்படியின் அடியில் எல்லாம் தேடினோம். இல்லை. மேல் மாடிக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே ரோடு தெரிந்தது, ஷேர் ஆட்டோவும் மூட்டை ஏற்றிய வண்டிகளுமாக. "வல்லரசு! டேய், அப்பா கீறேன்டா!" என்று கத்தினேன். சார் கேட்பாரே என்ற நினைப்பு அப்போது வரவே இல்லை.

பண்டிகைத் தள்ளுபடியும் புது வரவும் சொல்லுகிற மைக் அப்போதுதான் கரகரத்தது. ஒரு பெண்ணின் குரல்.

"வாடிக்கையாளர்கள் கவனத்துக்கு. ரெண்டு, ரெண்டரை வயசுல சிவப்பு டீ சர்ட் போட்ட ஆண் குழந்தை பில் கவுண்டர்ல இருக்கு. பேரு வல்லரசுன்னு சொல்லுது. யாரு புள்ளன்னு கேட்டா..." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்து வூட்டுப் புள்ளன்னு சொல்லுது. பெத்தவங்க உடனே வரவும்."

கடை முழுக்கச் சிரித்தது. மூன்று மாடியும் சிரித்தது எனக்குக் கேட்டது.

யசோதரா படியில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். பெற்றவள் போய் வாங்கிக்கொண்டால் ஒருவேளை சார் கவனிக்காமல் விடலாம் என்று அந்த நேரத்திலும் என் கேடுகெட்ட மனசு ஒரு கணக்குப் போட்டது. அவளுக்கு என்னைத் தெரியும்.

"நான் வரமாட்டேன். நீயே போ" என்றாள். "யாரு புள்ளன்னு சொல்லிட்டு வாங்கினு வா."

இறங்கினேன். பில் கவுண்டர் மேஜையில் வல்லரசு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான், கையில் யாரோ கொடுத்த பிஸ்கட். பக்கத்திலேயே சட்டைக் கட்டோடு பாலகணேஷ் சார். வல்லரசு என்ற பேரை மைக்கில் கேட்டுத்தான் இருப்பார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"என் புள்ள சார்" என்றேன். "இவன்தான் வல்லரசு. ஜுரமெல்லாம் இல்ல சார். மச்சினியும் இல்ல. பொய் சொல்லிட்டேன்."

சார் சட்டைக் கட்டை மேஜை மேல் வைத்தார். மைக் வைத்திருந்த பெண்ணுக்கு நான் சொன்னது எதுவும் விளங்கவில்லை. கண்டவர்களிடம் குழந்தையைக் கொடுத்துவிட முடியுமா? சந்தேகத்தோடு அவன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, இவரு யாரு?"

"அப்பா."

"அப்போ நீ யாரு புள்ள?"

வல்லரசு சாரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு இப்போது எந்த பதில் சரி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், நானே சொல்லிக்கொடுத்ததுதானே.

"பக்கத்து வூட்டுப் புள்ள!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் பிஸ்கட்டைக் கீழே போட்டான். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் மேஜை மேலேயே எழுந்து ரெண்டு கையையும் மேலே தூக்கி, நான் தூக்கிப் போடுவேன் என்று காத்துக்கொண்டு நின்றான்.