ஃபிலிம் கழுவுன ஞாயித்துக்கெழமை

பவுடரைப் பாத்தே பேரைச் சொல்லிருவேன்னு முப்பது வருஷமா மார் தட்டிக்கிட்டு அலைஞ்சவன் நான். வீரணன்னா எங்க காலேஜு கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் முழுக்கத் தெரியும். வெறும் லேப் அசிஸ்டெண்டுதேன். ஆனா லேபிள் உதிர்ந்துபோன பாட்டிலை எல்லாம் எங்கிட்டத்தேன் தூக்கிட்டு வருவாக. மோந்து பாப்பேன், விரல்ல தேய்ச்சுப் பாப்பேன், பட்டுன்னு சொல்லிருவேன். அந்தத் திமிருதேன் என்னைய இந்தக் கதிக்குக் கொண்டாந்து விட்டுச்சு.

போன மாசம் எம்பொண்டாட்டி தங்கப்பொண்ணு ட்ரங்குப் பெட்டிக்குள்ள இருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்து எம்முன்னால வச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால, எங்க மக பவதாரிணிக்கு நாலு வயசா இருக்கும்போது எடுத்த ஃபிலிம். எங்க கீழக்குயில்குடிப் பக்கம் சின்னப்பிள்ளையப் போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்பாக. அதனால அதுவரைக்கும் பிள்ளைக்கு ஒரு படம்கூட எடுக்கல. நாந்தேன், படிச்சவுக மத்தியில வேலை பாக்குற கொழுப்புல, பாட்டனி டிபார்ட்மெண்ட் கேமராவை இரவல் வாங்கியாந்தேன். செடி கொடி எடுக்க வச்சிருந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல ஒரு சுருள் மிச்சமிருந்துச்சு. அதுல எடுத்தேன். பதினோராம் நாளு மூளைக்காய்ச்சல்ல பிள்ளை போயிட்டா.

"எம்பிள்ளைய முழுங்குன சனியன் இது. இதைக் கழுவுனீகன்னா நான் கெணத்துல விழுந்துருவேன்"னு தங்கப்பொண்ணு அன்னைக்கே அதைப் புடுங்கி வச்சுக்கிட்டா. அதுக்கப்பறம் எங்களுக்குப் பிள்ளை இல்ல. பாப்பாவுக்குன்னு வேற படமும் இல்ல.

இப்ப அவளே எடுத்து வச்சுட்டு அழுறா. "பஸ்ஸுல ஒரு பிள்ளையப் பாத்தேங்க. நம்ம பிள்ளைக்கு மூக்கு இப்படித்தேன் இருந்துச்சோன்னு யோசிச்சேன். வரல. மூஞ்சியே வரல. பெத்தவளுக்கு மறக்குமாங்க? கழுவிக் குடுங்க. அவ மூஞ்சிய ஒருதரம் பாத்துட்டேன்னா போதும்."

சென்னையில ஒருத்தர் இன்னும் ஃபிலிம் கழுவுறாருன்னு விசாரிச்சேன். கூரியர்ல அனுப்பச் சொன்னாரு. "எம்பிள்ளைய வேற ஊருக்கு விடமாட்டேன்"னுட்டா இவ. எனக்கும் உள்ளுக்குள்ள சந்தோசம்தேன். நம்மகிட்ட இல்லாத லேபா!

பாட்டனி டார்க் ரூம் சுவத்துல டெவலப்பரோட அளவை எழுதி ஒட்டுன தாளு அப்படியே இருந்துச்சு. ஃபிலிம்ல படத்தைக் கொண்டாற மருந்து அது. ஒரு காலத்துல பாக்கெட்டுல ரெடியா வந்துச்சு, இப்ப இங்கிட்டு யாரும் விக்கிறதில்ல. மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்ஃபைட், வெங்காரம். அம்புட்டுதேன். கெமிஸ்ட்ரி வாத்தியாரு ஹரிஷங்கர் சார்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுனேன். கே.கே. நகர்ல இருந்து வாராரு, சின்ன வயசு, தலைக்கனம் இல்லாத மனுசன். உக்காந்து கணக்குப் போட்டு அளவை மாத்துனாரு.

"இவ்வளவு வருஷம் கெடந்த ஃபிலிம் தானாவே கொஞ்சம் கறுத்திருக்கும்ணே. அதை அடக்கப் பொட்டாசியம் புரோமைடு சேக்கணும். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கறுக்கணும், படாத இடம் அப்படியே இருக்கணும். அதான் நல்ல டெவலப்பர்."

லிட்டருக்கு நூறு கிராம் சல்ஃபைட் வேணும். லேப்ல இருந்தது காத்துப் பட்டுக் கட்டிதட்டிக் கெட்டுப் போயிருந்துச்சு. "ஆர்டர் போட்டிருக்கேன், பத்து நாள்ல வந்துரும். இருபத்தாறு வருஷம் பொறுத்தாச்சு, பத்து நாள் பொறுங்கண்ணே"ன்னாரு.

நான் பொறுக்கல. ஞாயித்துக்கெழமை பாப்பாவைக் காட்டுறேன்னு வீட்டுல சொல்லித் தொலைச்சிருந்தேன். அவ கண்ணாடி போட்ட ஃபிரேம் வாங்கியாந்து சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியும் வச்சுட்டா. வெறும் ஃபிரேம் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

தங்கப்பொண்ணோட தம்பி காளை, எனக்கு மாப்ள, அலங்காநல்லூர் பக்கம் வெல்லம் காச்சுற கொட்டகை வச்சிருக்கான். வெல்லம் வெளுப்பா வாரதுக்குப் பாகுல ஒரு வெள்ளைப் பவுடரைப் போடுவாக. அது சல்ஃபைட்டுதேன்னு அந்தக் காலத்துல இருந்தே எனக்குத் தெரியும். வண்டிய எடுத்துட்டு நேரா அங்க போனேன்.

"மூட்டையில பேரு ஒண்ணும் இல்ல மச்சான், எதுக்கும் பாத்துக்கங்க"ன்னான்.

"யாருகிட்ட? எனக்கே பாடம் எடுக்குறியாடா?" மோந்து பாத்தேன். கந்தக வாடை அடிச்சுச்சு. விரல்ல தேய்ச்சேன். தண்ணியில போட்டேன், கரைஞ்சுச்சு. சல்ஃபைட்டேதேன்னு சொல்லி கேரி பேக்குல கட்டிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலையில ரெண்டு பேரும் காலேஜுக்குப் போனோம். காய்ச்சி வடிச்ச தண்ணியச் சுத்தி ஐஸ் கட்டிய வச்சு இருபது டிகிரிக்கு இறக்குனேன். சார் எழுதிக் குடுத்த அளவுப்படி மருந்தைக் கலந்தேன். சும்மா சொல்லக்கூடாது, டெஸ்டும் பண்ணேன். ஃபிலிம் சுருளுக்கு வெளிய நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கிட்டு இருக்கும், வெளிச்சம் பட்ட துண்டு. அதை வெட்டி மருந்துல போட்டேன். அரை நிமிசத்துல கன்னங்கரேல்னு ஆயிருச்சு. "பாத்தியா! மருந்துன்னா இதுதேன் மருந்து!"ன்னு குதிச்சேன். தங்கப்பொண்ணு சிரிச்சா. அவ பல்லைப் பாத்து எம்புட்டு நாளாச்சு!

லைட்டை அணைச்சுட்டுச் சுருளை வெளிச்சம் புகாத டேங்குக்குள்ள ஏத்துறப்ப அவ குரல் மட்டும் கேட்டுச்சு. "பச்சைக் கவுனு போட்டிருந்தா. நிக்க மாட்டேன்னு ஆடுனா. 'ஆடாத நில்லாத்தா'ன்னு வஞ்சீக." எனக்கும் ஞாபகம் வந்துச்சு. ஏண்டா அன்னைக்குப் பிள்ளைய வஞ்சோம்னு இருந்துச்சு.

டெவலப்பர்ல பத்து நிமிசம். அப்பறம் படத்தை அழியாம நிக்க வைக்கிற ஹைப்போ. மூடியத் தெறந்து ஃபிலிமைத் தூக்கி ஜன்னலுக்கு நேராப் பிடிச்சேன்.

கறுப்பு. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் தார் ரோடு கணக்கா ஒரே கறுப்பு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல இருக்குற கோடுகூட இல்ல. வெயில்ல காட்டுனேன், டார்ச் அடிச்சுப் பாத்தேன். பிள்ளை இல்ல.

"எங்கங்க?"ன்னா.

"வரல."

"திருப்பிப் பிடிங்க."

திருப்பிப் பிடிச்சேன். என்னத்தப் பிடிக்க.

அவ அதைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் தலையில அடிச்சுக்கிட்டா. "நாந்தேங்க! பெட்டிக்குள்ள பூட்டி வச்சு எம்பிள்ளைய நானே அவியப் போட்டுட்டேன். அன்னைக்கே உங்களைக் கழுவ விட்டிருந்தேன்னா இப்ப முழுசா இருந்திருப்பாளே." பழைய ஃபிலிமு, என்ன செய்யன்னு சொல்லித் தேத்துனேன். அப்ப நானும் அதைத்தேன் நம்புனேன், சாமி சத்தியமா.

திங்கக்கெழமை ஹரிஷங்கர் சார் ஃபிலிமைப் பாத்தாரு. மிச்சப் பவுடரைக் கேட்டாரு. நீலச் சாயம் கலந்த தண்ணி கொஞ்சம் டியூப்ல எடுத்து, அதுல ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குனாரு. நீலம் பொசுக்குன்னு வெளுத்துப் போச்சு.

"இது சல்ஃபைட் இல்லண்ணே, ஹைட்ரோஸ். இப்பல்லாம் வெல்லத்துக்கு இதைத்தான் போடுறாங்க. இது வெளிச்சம் பட்டது படாததுன்னு பாக்காது, எல்லாத்தையும் கறுக்கடிச்சிரும்."

"டெஸ்ட் பண்ணேனே சார். நாக்கு கறுத்துச்சே!"

"வெளிச்சம் பட்ட துண்டு ரெண்டு பவுடர்லயும் கறுக்கும்ணே. வெளிச்சம் படாத துண்டையும் ஒண்ணு போட்டு, அது கறுக்காம இருக்கான்னு பாத்திருக்கணும்."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். "சல்ஃபைட்டாவே இருந்திருந்தா, சார்?"

அவரு என் மூஞ்சியப் பாக்காமச் சொன்னாரு. "மங்கலா இருந்திருக்கும். ஆனா முகம் தெரிஞ்சிருக்கும்ணே."

இன்னைக்குச் சொல்லிரணும்னுதேன் வீட்டுக்குக் கெளம்புனேன். வண்டியில வார வழி பூரா எப்படி ஆரம்பிக்கிறதுன்னே யோசிச்சுட்டு வந்தேன். தட்டுல சோத்தைப் போட்டுக் கருவாட்டுக் கொழம்பை ஊத்துனா. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அவளே பேசுனா.

"படம் வரலைன்னு கேள்விப்பட்டுக் காளை போன் பண்ணான். எங்கிட்ட வாங்கிட்டுப் போன பவுடர்ல எதும் கோளாறா அக்கான்னு பயந்துபோய்க் கேக்குறான். வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ஒம் மச்சான் பாக்காத பவுடராடா, பாவம் பண்ணவ நானு, அவரை ஏண்டா இழுக்குறன்னு வஞ்சு விட்டேன்." முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டு என்னையப் பாத்தா. "நான் சொன்னது சரிதேனங்க?"

சோத்தைப் பெசஞ்சேன்.

"சரிதேன்"னேன்.