சிலைச் சுரம்

பெயிண்ட் வாடை தலையைச் சுற்றவைத்ததால் பாட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஜன்னல் கம்பிகளைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தது அந்த நேரம் புத்தியில் உறைக்கவில்லை. சுருதிப்பெட்டியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால், எல்லாரும் பம்பரம் என்று கூப்பிடும் சிறுமியைக் காணோம்.

அவள் வகுப்பில் யாரையும் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வதில்லை. கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லித்தருவது நடக்கிற காரியமா? நடந்துகொண்டே பாடலாம், மேஜைக்கடியில் படுத்தும் பாடலாம். ஒரே ஒரு சட்டம்தான். டீச்சர் ஒரு சுரத்தை நீட்டினால், எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு இருந்த இடத்தில் சிலையாகிவிட வேண்டும். மூச்சு விட்டுப்போனால் அவுட். எட்டு வயதுப் பம்பரம் எப்போதும் முதல் அவுட். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அது அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கும்.

இப்போது அது மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, ஒரு முழம்கூட இல்லாத சன்ஷேடில், ஒரு புறாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே ஓடுகிற பிள்ளை. வேறு வழி தெரியாமல் டீச்சர் சுரத்தை நீட்டினாள். உள்ளே இருந்த பிள்ளைகள் சிலையானார்கள். வெளியே பம்பரமும் அப்படியே நின்று வாயைத் திறந்தது.

சுரத்தை விடாமல் டீச்சர் மெல்ல மெல்ல ஜன்னலை நெருங்கினாள். கதவு திறந்தது. பம்பரத்தின் அம்மா.

"எங்க டீச்சர் என் பொண்ணு?"

பதில் சொன்னால் சுரம் அறுந்துவிடும். அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டாள். பதறி ஓடிவந்து பேர் சொல்ல வாயெடுத்தவளின் வாயை டீச்சர் ஒரு கையால் பொத்தினாள். மறு கையை வெளியே நீட்டினாள். இன்னும் ஒரு சாண் எட்டவில்லை.

முதலில் டீச்சரின் மூச்சு தீர்ந்தது. பிள்ளைகளும் ஒவ்வொருவராக அவுட்டாகிவிட்டார்கள். இனி அவ்வளவுதான் என்று டீச்சர் நினைத்தாள்.

வெளியே ஒரு மெல்லிய குரல் மட்டும் பிசகாமல் நீண்டுகொண்டிருந்தது. பம்பரம் அசையவில்லை.

டீச்சர் அம்மாவை விட்டுவிட்டு, இடுப்புவரை வெளியே சாய்ந்து எட்டிச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நீங்கதான் ஃபர்ஸ்ட் அவுட், டீச்சர்," என்றது பம்பரம். "நான் ஜெயிச்சுட்டேன்."

சட்டையைப் பிடித்திருந்த டீச்சரின் விரல்களை அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.