கட்டைவிரல் அளவில் ஓர் இருக்கை

ஷாலினி பல்செட் செய்கிறவள். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியறையில் அவளுடைய லேப். வேலை ஓய்ந்த மதியங்களில் அதே மேசையில், அதே பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் குட்டி விமானங்கள் கட்டுவாள்.

அந்த ஆடி மாதம் கையில் இருந்தது மிக்-21 போர் விமானம். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பாகங்கள் அடங்கிய பெட்டியோடு வந்த விமானி இருக்கை அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு பிளாஸ்டிக் துண்டை ஒட்டினால் சலூன் நாற்காலி மாதிரி நின்றது. அதனால் இருக்கையை மட்டும் ரெசினில் வார்த்ததாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள்.

கட்டைவிரலின் மேல்கணு அளவுதான் இருந்தது. கண்ணாடியின் கீழ் வைத்து ஷாலினி குனிந்து பார்த்தாள். பல்செட்டையும் ரெசினில்தான் வார்க்கிறாள்; அவளுக்குப் புதிதா என்ன? ஆனாலும் இப்படி ஒரு வார்ப்பை அவள் பார்த்ததில்லை. வார்ப்பட்டைகள் யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போனதுபோல் மடிந்து கிடந்தன. கொக்கிகளுக்கு வளைவு இருந்தது. மெத்தையின் ஓரத்தில் தையல்கூடத் தெரிந்தது.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தொட்டு, வார்ப்போடு ஒட்டி வந்த அடிக்கட்டையை அறுத்தெடுத்தாள். வைத்துப் பார்த்தால் இருக்கை விமானத்துக்குள் இறங்கவில்லை. உட்சுவரைக் கொஞ்சம் சுரண்டினாள், வைத்துப் பார்த்தாள், மறுபடி சுரண்டினாள். மூன்றாம் நாள், சுவர் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்தபோது, இருக்கை நச்சென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

அன்றைக்குத்தான் அம்மையார்குப்பத்துத் துளசிங்கம் பல்லுக்கு அளவு பார்க்க வந்தார். ஐம்பத்தெட்டு வயது, குறைவாகப் பேசுகிறவர். மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? மிக்கா?"

"ஆங், சார். உங்களுக்குத் தெரியுமா?"

"ஏர்ஃபோர்ஸ்ல இருபத்திரண்டு வருஷம் இந்த சீட்டுக்குத்தான் வேலை செஞ்சுகினு இருந்தேன்."

ஷாலினி நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். அவர் கண்ணாடிக்குள் குனிந்தார். கீழே கிருத்திகைக் கூட்டத்தின் பம்பைச் சத்தம் மலைப்பக்கம் நகர்ந்து ஓய்ந்தது. அவர் நிமிரவில்லை.

"காலுக்கு நடுவுல இருக்குதே பிடி, அதைக்கூட வுடல பாரு," என்றார் கடைசியில். "அதை இழுத்தா கீழ வெடிக்கும். ஆளையும் தூக்கிகினு சீட்டு மேல போயிடும். ஒருவாட்டி ராஜஸ்தான்ல பறவை அடிச்சு இஞ்சின் நின்னுபோச்சு. அன்னிக்குக் காலைல நான் செக் பண்ணிக் கையெழுத்து போட்ட சீட்டு."

"பைலட்டு?"

"கடுகு வயல்ல எறங்குனாரு. பத்து நாள் கழிச்சு கழுத்துல பட்டை போட்டுகினு வந்தாரு. என் ரெண்டு கையையும் புடிச்சுகினு நின்னாரு, அவ்ளோதான்."

ஷாலினி அவருடைய கைகளைப் பார்த்தாள். விரல் மூட்டுகள் தடித்த, சாதாரணமான கைகள். இதுவரை வெறும் நுணுக்கமாகத் தெரிந்த ஒவ்வொரு கொக்கியும் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தக்கூடியது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இது நிக்கிற பிளேனா, பறக்குறதா?" என்று கேட்டார்.

"நிக்கிறது, சார். மூடியைத் திறந்துதான் வைக்கப்போறேன்."

"அப்ப அந்தப் பிடிக்குப் பின்னு போடணும்மா, யாரும் தெரியாம இழுத்துடாம. தரையில நிக்கசொல்ல பின்னு இல்லாம வுடவே கூடாது. அதுல செவப்புத் துணி தொங்கும்."

பல்லுக்குக் கிளிப் போடும் கம்பியில் எள்ளளவு நீளம் வெட்டினாள். சிவப்புத் தாளில் ஒரு துணுக்கை அதில் ஒட்டி, இடுக்கியோடு அவரிடமே நீட்டினாள்.

"நானா?"

"நீங்கதான் போடணும், சார்."

இரண்டு முறை தவறியது. மூன்றாவதில் பின் போய் நின்றது. அவர் பழக்கம் மாறாமல் விரல் நுனியால் தொடாமல் தொட்டுச் சரிபார்த்தார்.

பிளாஸ்டிக் பசை ரெசினைப் பிடிக்காது. ஷாலினி இருக்கையை வெளியே எடுத்து, அடியில் சூப்பர் குளூவில் ஒரு சொட்டை விட்டு, மறுபடி இறக்கி அழுத்தினாள். துளசிங்கம் மெல்லிய குரலில் இந்தியில் எண்ணினார். பத்து வந்ததும் அவள் விரலை எடுத்தாள். இருக்கை அசையவில்லை.

இருவரும் தலையோடு தலை சேர்த்து, அந்தக் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.