பதினொன்றரை மணிக்கு விடியும் வீடு

கணபதிப் பகுதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சந்தில், ஆல்வினும் மெர்சியும் குடியிருந்த வீட்டுக்கு மட்டும், அவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிய மறுநாளிலிருந்து சூரியன் பகல் பதினொன்றரை மணிக்கு உதித்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் எப்போதும்போல ஆறு மணிக்கே விடிந்து, குழாயில் தண்ணீர் வந்து, பள்ளிக்கூட வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இவர்கள் காம்பவுண்டுச் சுவருக்குள்ளே மட்டும் நட்சத்திரங்கள் இருந்தன. பால்காரர் வெயிலில் நின்று கேட்டுக்கு மேலே பாக்கெட்டை நீட்டினார்; அதை வாங்கிய மெர்சியின் கை முழங்கைவரை வெளிச்சத்திலும் மீதி இருட்டிலும் இருந்தது. அவர் இரண்டு நாள் அதைப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு டார்ச்சோடு வந்தார்.

ஆல்வினுக்கு அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே தகரக் கூரையின் கீழ் ஒரு லேத் இருந்தது. அதில் பம்பு கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலம்வரை தாராபுரம் பக்கம் மற்றவர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். சொந்தமாக ஒரு இயந்திரம் வைத்த முதல் ஆள் ஆல்வின்தான். மெர்சி பல வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்து, வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவள். கடைக்காரர் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போனதும், அதே வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்யலாம் என்று நினைத்தாள். அவளுக்கு வீசிங் இருந்ததால் வெளியே அலைய முடியாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஒரு பஃபிங் பட்டறை. அங்கிருந்து பறக்கும் கருந்தூசி அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ராத்திரியில் அவளை எழுப்பித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துவிடும். விடியும்வரை ஆல்வின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி இருப்பார். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இப்படித்தான் தூங்கினார்கள்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் விலை குறைவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார்கள். கடையிலிருந்த மிதுன் என்ற இளைஞன் எதையும் மறைக்கவில்லை. “அக்கா, நீங்க பழகுன விண்டோஸ் இதுல இல்லீங்க. இது ஓப்பன் சோர்ஸுங்க. உலகத்துல எங்கெங்கயோ இருக்கறவங்க சும்மா எழுதிக் குடுத்தது. யாருக்கும் சொந்தமில்லீங்க” என்றான்.

“யாருக்கும் சொந்தமில்லீன்னா, ரிப்பேரானா யாருகிட்டங்க தம்பி போறது?” என்று கேட்டார் ஆல்வின்.

“எல்லாருகிட்டயும் போலாங்கண்ணா” என்றான் மிதுன். ஆல்வினுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஆனால் விலை பதிலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இணைத்ததும் கம்ப்யூட்டர் நல்ல தமிழில் விசாரித்தது. பெயர் கேட்டது. கடவுச்சொல் ஒன்றை வையுங்கள், அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றது. மெர்சி வைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஓர் உலகப் படத்தை விரித்து, “நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டது. இலவசமாக வந்த மௌஸ் வழுக்கிக்கொண்டே போனது. மெர்சி இந்தியாவின் அடிப்பக்கம் குத்தப் போக, அம்பு மேற்கே ஓடி ஆப்பிரிக்காவையும் தாண்டி, நடுக்கடலில் ஒரு புள்ளியில் போய் நின்றது. புள்ளி பச்சையாக எரிந்தது. எரிந்தால் சரிதான் என்று எண்ணி, ‘தொடர்க’ என்பதை அழுத்தினாள்.

இருட்டுக்கு முதலில் மின்வாரிய ஊழியரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, சப்ளையில் குறையில்லை, சூரியன் தங்கள் பிரிவில் வராது என்று சொல்லிப் போனார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். சொம்பில் மிச்சமிருந்த தீர்த்தம் உப்புக் கரித்தது. நோன்பு நாட்களை எந்த விடியல்படி கணக்கு வைப்பது என்று ஆல்வின் கேட்டதற்கு, கோயில் மணிப்படி வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். அந்த வாரமே குளியலறைக்குப் பின்னால் அலைச்சத்தம் கேட்கத் தொடங்கியது. சுவரில் ஏறிப் பார்த்தால் பஃபிங் பட்டறைதான் இருந்தது. இறங்கினால் கடல் கேட்டது. வெள்ளையாக ஒரு பெரிய பறவை வந்து சுவரில் உட்கார்ந்து, மெர்சி ஆறவைத்திருந்த இட்லிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டிலிருந்த வீட்டுக்கார அம்மா ராமாத்தாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ஏனுங் கண்ணு, கடலோரத்து ஊடுன்னா வாடகை வேறயாச்சுங்களே” என்றார். கடல் கண்ணுக்குத் தெரிந்தால் ஏற்றிக்கொள்ளலாம், காதுக்கு மட்டும் என்றால் பழைய வாடகைதான் என்று பேசி முடித்தார்கள்.

இந்த அமளியில் ஒரு விஷயத்தை இருவருமே தாமதமாகத்தான் கவனித்தார்கள். மெர்சி இரவில் எழுந்து உட்காருவது நின்றிருந்தது. காற்று பின்சுவரைத் தாண்டி ஈரமாக, உப்பாக வந்தது. தூசி அதற்குள் நுழைய வழியில்லை. ஒருநாள் ஆல்வின் பழக்கத்தில் விழித்து, கையை நீட்டி அவள் முதுகைத் தேடினார். அவள் குப்புறப் படுத்து, வாயைத் திறந்து, குழந்தைபோலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவர் அதற்குப் பிறகு தூங்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

பிரிண்டர் மாட்டித்தர மிதுன் வந்தது அதற்கப்புறம்தான். திரையின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்ததும் அவன் சிரித்துவிட்டான். “ஊரைத் தப்பாக் குத்தியிருக்கீங்கக்கா. இது அட்லாண்டிக்ல ஒரு தீவுங்க. நம்மளவிட அஞ்சரை மணி நேரம் பின்னால. ஒரு நிமிசத்துல மாத்திப்போடலாம், பாஸ்வேர்டைச் சொல்லுங்க.”

“மறந்துபோச்சு தம்பி” என்றாள் மெர்சி.

ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்களின் ஆதார் எண்ணைக்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவள் அவள். ஆல்வின் அவளைப் பார்த்தார். அவள் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நெனப்பு வந்தாச் சொல்லு” என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். மிதுனுக்கு மனசு கேட்கவில்லை. அந்த மென்பொருளை எழுதியவர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் விஷயத்தை எழுதிப்போட்டான். பல நாடுகளிலிருந்து பதில் வந்தது. ஒருவர் தன் வீட்டில் எல்லாம் சரியாக விடிவதாகச் சொன்னார். ஒருவர் கையேட்டை ஒழுங்காகப் படிக்கச் சொன்னார். பொறுப்பில் இருந்தவர், இது பிழை அல்ல, கேட்ட இடத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தார். கடைசியாக அந்தத் தீவிலிருந்தே ஓர் ஆள் எழுதியிருந்தார்: கொஞ்ச காலமாகத் தன் கோழிக்கூண்டுக்குள் மட்டும் நடு ராத்திரி கழிந்ததுமே விடிந்துவிடுவதாகவும், இரும்பு கடைகிற சத்தம் கேட்பதாகவும், பெல்ட் கிறீச்சிடுவதால் தயவுசெய்து அதைக் கவனிக்கும்படியும். ஆல்வின் அன்றே பெல்ட்டை மாற்றினார்.

ஆனால் கடல்காற்று மெர்சிக்குச் செய்ததை இரும்புக்குச் செய்யவில்லை. சாயங்காலம் கடைந்து அடுக்கிய ஷாஃப்ட்டுகள் மறுநாள் எடுக்கும்போது செம்மண் பூசியதுபோல இருந்தன. ஆல்வின் கிரீஸ் தடவினார், எண்ணெய்க் காகிதம் சுற்றினார், சாக்குக்குள் கட்டி வைத்தார். துரு சாக்குக்குள்ளும் போனது. கம்பெனி ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை இப்படி வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியனுப்பியது. ஆல்வின் இதை மெர்சியிடம் சொல்லவில்லை. உப்புத்தாள் வாங்கி வந்து, திரும்பி வந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். வெளியே வெயில் கொளுத்தும் காலைகளில், தகரக் கூரையின் கீழ் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு தேய்த்தார். லேத்தின் அடிப்பாகத்திலேயே புள்ளி புள்ளியாகத் துரு ஏறியிருந்தது. மெர்சி ஜன்னல் வழியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடவுச்சொல்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் கேட்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அவர் ஒரு பம்பு வேலையாகத் தாராபுரம் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது, தெருவில் அடித்த வெயில் உள்ளேயும் அடித்தது. பின்சுவருக்கு அப்பால் பஃபிங் பட்டறை இரைந்தது. லேத்தில் கைவைத்துப் பார்த்தார், உலர்ந்து சூடாக இருந்தது. உள்ளே மெர்சி கட்டில் விளிம்பில், முழங்கால்களில் கையை ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். இன்ஹேலர் பக்கத்தில் கிடந்தது.

“ஏன் மாத்துனே?”

“நெனப்பு வந்துருச்சுங்க” என்றாள், இரண்டு மூச்சில்.

“பழையபடி வெய்யி.”

“முடியாதுங்க. லேத் போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க? அது உங்க பேருல இருக்கற ஒரே சாமானுங்க.”

“லேத்தை நாலு பேரு தூக்குனா நகந்துரும். உன்ற நெஞ்சை எங்க கொண்டுபோய் வெக்கறது?”

அவள் அழுதாள், அழுததில் இழுப்பு அதிகமானது. கடைசியில் ஒரு எழுத்து ஒரு மூச்சாகக் கடவுச்சொல்லைச் சொன்னாள். ஆல்வின் நாற்காலியில் உட்கார்ந்து படத்தை விரித்தார். நூலிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கைக்கு மௌஸ் பிடிக்கத் தெரியாது. முதல் முறை குத்தியபோது முற்றத்தில் பனி கொட்டியது. துணிக்கொடியில் கிடந்த வேட்டி பலகைபோல விறைத்தது. இரண்டாம் முறை ஜன்னல் வழியே மணல் வந்து, எங்கோ ஓர் ஒட்டகம் செருமியது. அடுத்ததில் நல்ல பகல் வெளிச்சமும் பக்கத்தில் ஏதோ கல்யாண வாத்தியமும் இருந்தன. மெர்சிக்கு அது பிடித்திருந்தாலும் புகை அதிகமாக இருந்தது. ராமாத்தாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஏனுங்க தம்பி, ஒரு ஊராப் பாத்து முடிவு பண்ணுங்க, கோழியெல்லாம் கத்துது” என்றார். மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டும் இருமிக்கொண்டும் எழுந்து வந்து, ஆல்வின் கைக்குமேல் தன் கையை வைத்து, அம்பை மேற்கே தள்ளிக்கொண்டு போனாள். பச்சைப் புள்ளி எரிந்தது. குளியலறைக்குப் பின்னால் ஓர் அலை வந்து விழுந்தது.

அத்திப்பாளையம் பிரிவில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து லேத்தை அங்கே கொண்டுபோனார்கள். ஆல்வின் காலையில் இருட்டிலிருந்து கிளம்பி வெயிலுக்குள் நடந்து போவார். இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது வீட்டில் மத்தியான வெயில் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் சந்து முழுவதும் ஈரத்துணியோடு சாயங்காலம் அங்கே வந்தது. கொடி போதாமல் காம்பவுண்டுச் சுவரெல்லாம் காயப்போட்டார்கள். ஷெட் வாடகையும் வீட்டு வாடகையும் சேர்ந்து முதல் ஆறுமாதம் கஷ்டப்பட்டார்கள் என்பது உண்மை. அந்தக் கஷ்டம் தீர்ந்தது மெர்சியின் வேலையால். அவளிடம் விண்ணப்பம் போடவந்த ஒருவர், கடைசித் தேதி நேற்றோடு முடிந்ததே என்று பொழுது விடியுமுன் கேட்டருகே நின்று புலம்பியபோது, மெர்சி திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் முடியவில்லையே என்றாள். விண்ணப்பம் போனது. நேற்றைய தேதி போட்டு ஒப்புகை வந்தது. எந்த அலுவலகமும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கணக்கில் தேதி சரியாக இருந்தது. விஷயம் பரவ அதிக நாளாகவில்லை. பரீட்சைக் கட்டணம், வேலைக்கு மனு, காப்பீடு புதுப்பித்தல் என்று எதையாவது மறந்தவர்கள் பல்லடத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் விடியற்காலை வண்டியில் வந்தார்கள். அந்த வட்டாரத்தில் கடைசி நாள் என்றால் மெர்சி வீட்டு நேரப்படியா, நம் நேரப்படியா என்று கேட்டுக்கொள்வது சாதாரணமாகிவிட்டது.

போன வருஷம் சத்தியமங்கலத்திலிருந்து கயல்விழி என்ற பெண் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நர்ஸ் வேலைக்கான விண்ணப்பம். வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த கலவரத்தில் தேதி தவறிவிட்டது. கேட்டருகே வந்தபோது மணி ஐந்தேகால், கிழக்கு லேசாக வெளுத்துப் பேப்பர்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்து சான்றிதழ்கள் நழுவிக் கீழே விழுந்தன. “நேத்து ராத்திரியோட முடிஞ்சுருச்சுங்கக்கா, நான் கெட்டுப்போனேனுங்க” என்று அழுதாள்.

மெர்சி கேட்டைத் திறந்து, அவளைக் கையைப் பிடித்து இருட்டுக்குள் அழைத்துக்கொண்டாள்.

“அழுவாத கண்ணு. மொதல்ல காப்பி குடி. இங்க இன்னும் நேத்துத்தான்.”